சுங்கப் பட்டியலும் இரசாயனப் பொருள்களும்



தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து ஒருவர் நம் நாட்டுக்கு இறக்குமதி செய்கிறார். சுங்கப் பட்டியலில் அதற்கு 22.01 என்று ஓர் எண் உண்டு. அதே தண்ணீர் பனிக்கட்டியாக வந்தாலும் 22.01தான். அதில் கொஞ்சம் சீனியும் மணமும் சேர்த்துவிட்டால் 22.02 ஆகிவிடும். மீன் தொட்டிக்கென்று கடல் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பிக் கொண்டுவந்தால், அது உப்போடு சேர்ந்து 25.01இல் போய் உட்காரும். மோட்டார் வண்டியின் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே வடித்தெடுத்த நீர், அது இரசாயனப் பொருள். அதன் எண் 28.53. அணு உலைகளில் பயன்படும் கனநீருக்கு 28.45.

பார்வைக்கு எல்லாம் தண்ணீர். நாக்குக்குக்கூட இரண்டு மூன்றில் வித்தியாசம் தெரியாது. ஆனால் சுங்க அதிகாரியின் மேசையில் அது ஐந்து வெவ்வேறு சரக்கு. தண்ணீருக்கே இந்தப் பாடு என்றால், வெள்ளைத் தூளாகச் சாக்கில் வந்து இறங்கும் நூற்றுக்கணக்கான இரசாயனங்களின் கதை எப்படி இருக்கும்? இன்றைய உரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த எண்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு நாடும் தன் மனம்போல் சரக்குகளுக்குப் பெயர் வைத்துத் தீர்வை வாங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு பொதுப் பட்டியல் உருவாகி 1959இல் நடைமுறைக்கு வந்தது. அதை விரித்துத் திருத்தி எழுதிய உடன்படிக்கை 1983 ஜூன் மாதத்தில் ஏற்கப்பட்டு, 1988 ஜனவரி முதல் நாளிலிருந்து செயல்படுகிறது. எச்.எஸ். எண் என்று துறைமுகத்தில் சொல்கிறார்களே, அது இதுதான். உலக வாணிபத்தில் மிகப் பெரும் பகுதி இந்த எண்களின் வழியாகவே நடக்கிறது. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. அடுத்த இரண்டு இலக்கம் நம் ஆசியான் நாடுகளுக்குப் பொது. மலேசியப் பட்டியலில் அதற்கு மேலும் இரண்டு இலக்கம் சேர்ந்து மொத்தம் பத்தாகிறது. முதல் நான்கை இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும்: 28.14 என்றால் 28ஆம் அத்தியாயத்தில் பதினான்காம் தலைப்பு.

அந்த 28ஆம் அத்தியாயம்தான் கனிம இரசாயனங்களின் வீடு. வாயுக்கள், அமிலங்கள், காரங்கள், உலோக ஆக்சைடுகள், உலோக உப்புகள் என்று 28.01 முதல் 28.53 வரை வரிசையாக இருக்கின்றன. வரிசை என்னவோ ஒழுங்கானதுதான். இரசாயனப் பாடம் படித்தவர்களுக்கு இதை ஒரு பார்வையில் புரிந்துகொள்ளலாம் என்று தோன்றும். அங்கேதான் வழுக்கல் இருக்கிறது. பட்டியலின் உயிர் தலைப்புகளில் மட்டும் இல்லை. அத்தியாயத்தின் தலையில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் குறிப்புகளிலும் இருக்கிறது. விளக்க விதிகள் ஆறில் முதல் விதியே இதைத்தான் சொல்கிறது: பகுதி, அத்தியாயம் ஆகியவற்றின் பெயர்கள் வெறும் வழிகாட்டி, சட்டப்படி முடிவு செய்வது தலைப்பின் வாசகமும் குறிப்புகளும்.

28ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு என்ன கேட்கிறது? உள்ளே வர விரும்பும் பொருள் தனி மூலகமாகவோ, தனித்த, வரையறுத்த அமைப்புள்ள ஒரு கூட்டுப்பொருளாகவோ இருக்க வேண்டும். கலவைக்கு இடமில்லை. அசுத்தம் இருக்கலாம். ஆனால் எப்படிப்பட்ட அசுத்தம்? தயாரிக்கும்போது மாறாமல் மிஞ்சியது, மூலப்பொருளோடு ஒட்டி வந்தது, உடன்விளைவாக உண்டானது, இவையெல்லாம் மன்னிக்கப்படும். பொருளை ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஏற்றதாக்க வேண்டுமென்றே உள்ளே விட்டுவைத்ததோ, சேர்த்ததோ மன்னிக்கப்படாது. நம் வீட்டு அரிசியில் தப்பித்தவறிக் கிடக்கும் உமிக்கும், எடை கூடட்டும் என்று ஒருவன் கலந்த கல்லுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

கரைசல் என்றால்? தண்ணீரில் கரைந்தது உள்ளே வரலாம். தோட்டப்புறத்தில் வளர்ந்த நேயர்களுக்கு அம்மோனியாவின் வாசனையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரப்பர்ப் பால் கெட்டியாகிவிடாமல் காப்பது அதுதான். அந்த அம்மோனியா உருளையில் வாயுவாக வந்தாலும், தண்ணீரில் கரைந்து பீப்பாயில் வந்தாலும் 28.14. துணைத் தலைப்பு மட்டும் மாறும். ஆனால் அதையே சாராயத்தில் கரைத்துக் கொண்டுவந்தால் 28ஆம் அத்தியாயம் கதவைச் சாத்திவிடும், 38.24க்குப் போக வேண்டியதுதான். தண்ணீரல்லாத வேறு திரவத்தில் கரைத்திருந்தால், பாதுகாப்புக்காகவோ ஏற்றியிறக்கும் வசதிக்காகவோ அது தவிர்க்க முடியாத வழக்கமான முறையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் கெடாமலிருக்கச் சேர்க்கும் காப்புப் பொருளுக்கு அனுமதி உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடில் போரிக் அமிலம் சிறிது சேர்த்திருந்தாலும் அது 28.47ஐ விட்டு நகர்வதில்லை.

இதுவரை நியாயமாகத்தான் இருக்கிறது. இனி விதிவிலக்குகள்.

சாதாரண உப்பை எடுத்துக்கொள்வோம். இரசாயனப் புத்தகத்தில் சோடியம் குளோரைடுதான் உப்புகளுக்கெல்லாம் மூத்த பிள்ளை. அது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் 28ஆம் அத்தியாயத்தில் அதற்கு இடமில்லை, 25.01தான். அதன் தம்பி பொட்டாசியம் குளோரைடு, செம்பனைத் தோட்டங்களில் மூட்டை மூட்டையாகப் போடும் பொட்டாஷ் உரம், எவ்வளவு சுத்தமானாலும் உரங்களின் அத்தியாயத்தில் 31.04. இதில் ஒரு வேடிக்கை: 10 கிலோவுக்கு மேற்படாத பொட்டலமானால் அது 31.05 ஆகிவிடும். ஆகவே கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு அரைக் கிலோ போத்தலில் வரும் மிகத் தூய பொட்டாசியம் குளோரைடும் சுங்கத்தின் கண்ணில் உரம்தான். சரி, உரமாகப் பயன்படுவதெல்லாம் உர அத்தியாயத்துக்குப் போய்விடும் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெடியுப்பு என்று நாம் சொல்லும் பொட்டாசியம் நைட்ரேட்டும் நல்ல உரம். ஆனால் அது தனியாக வந்தால் 28.34. பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது புகை கிளம்பப் போடுவார்களே நவச்சாரம், அம்மோனியம் குளோரைடு, அதை வயலுக்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் 28.27. உர அத்தியாயம் தனக்கு வேண்டியவற்றைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறது. பெயர் சொல்லாததை எடுத்துக்கொள்ளாது.

கந்தகத்துக்கு இரண்டு வாசல். தோண்டியெடுத்ததும், எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைத்ததும், அரைத்துச் சலித்ததும் 25.03. ஆவியாக்கிப் படியவைத்த கந்தகப் பூவும், வீழ்படிவாக்கிய கந்தகமும் 28.02. ஈயத்துக்கு மூன்று. கிந்தாப் பள்ளத்தாக்கில் நம் முன்னோர் பலர் வேலை செய்த ஈயச் சுரங்கங்களில் கிடைத்த கறுப்பு மணல் இரசாயனப்படி ஈய ஆக்சைடுதான். ஆனால் தாது என்பதால் 26.09. உருக்கிய ஈயக்கட்டி 80.01. உலோகத்திலிருந்து மறுபடி ஆக்சைடாகச் செய்து, பீங்கான் பூச்சுக்கு வெண்மை தருவதற்காக விற்கும் தூள் 28.25. முதலும் கடைசியும் ஒரே கூட்டுப்பொருள். நடுவில் மனிதன் செய்த வேலைதான் எண்ணை மாற்றியது.

இப்போது நாம் நேரில் பார்த்த ஒரு சம்பவத்துக்கு வருவோம்.

ஈப்போவைச் சுற்றிலும் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளை நேயர்கள் அறிவார்கள். அந்தப் பகுதியில் சரக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தில் பத்திரங்கள் தயாரிக்கும் வேலையில் இருந்த இளைஞர் ஒருவர் ஒரு மாலை நம் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் பால்மரம் சீவிய தாயின் ஒரே மகன். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. கையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள், இரண்டிலும் வெள்ளைத் தூள். அண்டை நாடு ஒன்றுக்கு அனுப்பிய சரக்கில் ஒரு பாதியை அங்குள்ள சுங்கத்தார் நிறுத்திவைத்துவிட்டார்கள். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் கால்சியம் கார்பனேட் என்றே இருந்தது. இவரும் இரண்டுக்கும் 28.36 என்று ஒரே எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டார். ஆசியான் சலுகை விகிதத்துக்கான டி பாரத்திலும் அதே எண். அங்கே கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி, தவறு உன்னுடையது என்றால் நட்டமும் உன்னுடையது என்று சொல்லியிருந்தார்.

"ஐயா, சுண்ணாம்பு சுண்ணாம்புதானே? இரண்டும் ஒரே ஆலையில் வந்தது. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னோம். முதல் பையிலிருந்து ஒரு சிட்டிகை போட்டோம். தூள் நனைந்து இறங்கியது. தண்ணீர் பால்போல் கலங்கியது. வேறொரு குவளையில் இரண்டாம் பையிலிருந்து ஒரு சிட்டிகை. அது முகப்பவுடர் தூவியதுபோல் மேலேயே மிதந்தது. கரண்டியால் கலக்கினோம், மறுபடியும் மேலே வந்து நின்றது.

"இது என்னங்க ஐயா, நனையவே மாட்டேங்குது?"

நனையாது, தம்பி. அதன் ஒவ்வொரு துகளின் மேலும் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் மெல்லிய பூச்சு இருக்கிறது. பி.வி.சி. குழாய், பிளாஸ்டிக் சாமான் செய்கிறவர்கள் தங்கள் கலவையில் தூள் நன்றாகப் பரவ வேண்டும் என்பதற்காக இப்படிப் பூசியதைக் கேட்டு வாங்குகிறார்கள். பூச்சு எடையில் மிகச் சொற்பம். ஆனால் அது தற்செயலாக ஒட்டிய அசுத்தம் அல்ல. ஒரு வேலைக்காக வேண்டுமென்றே சேர்த்தது. உலகச் சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்புகளில் இந்தத் தூளைப் பெயர் சொல்லியே 28.36இலிருந்து விலக்கி 38.24க்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நிறுத்தப்பட்டது இந்தப் பாதிதான். அந்த நாட்டுப் பட்டியலில் இரண்டு எண்களுக்கும் தீர்வை விகிதம் வேறு.

இதோடு முடிந்துவிடவில்லை. பூசாத முதல் பையைப் பற்றியும் நாம் ஒரு கேள்வி கேட்டோம்: இது குன்றிலிருந்து வெட்டிய கல்லை அரைத்ததா, வீழ்படிவாக்கியதா? இளைஞருக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வியே அவருக்குப் புதிது. கல்லைச் சுட்டுச் சுட்ட சுண்ணாம்பாக்கி, நீற்றி, அந்தச் சுண்ணாம்புப் பாலில் கரியமில வாயுவைச் செலுத்தினால், வெள்ளையாகப் படிவது வீழ்படிவுக் கால்சியம் கார்பனேட். அதுதான் 28.36. பற்பசையிலும் தாளிலும் அதைப் போடுகிறார்கள். வெறுமனே வெட்டி, அரைத்து, சலித்த கல் எவ்வளவு வெண்மையாக, எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அது கனிமப் பொருள்தான். எந்தக் கல் என்பதைப் பொறுத்து 25ஆம் அத்தியாயத்துக்குள் ஓரிடத்தில் நிற்கும். கழுவுதல், உடைத்தல், அரைத்தல், சலித்தல் வரைக்கும் 25ஆம் அத்தியாயம் பொறுத்துக்கொள்ளும் என்று அதன் குறிப்பு சொல்கிறது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அரைத்த கல்லின் துகள்கள் உடைந்த கண்ணாடிச் சில்லுகள்போல் ஏறுமாறாக இருக்கும். வீழ்படிவின் துகள்கள் ஓரளவு ஒரே உருவத்தில் இருக்கும். நம் நாட்டில் சுங்கம் மாதிரி எடுத்தால் அது மலேசிய இரசாயன இலாகாவின் ஆய்வுக்குப் போகிறது. அங்குள்ளவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

ஆலைக்குத் தொலைபேசியில் பேசியபோது அது அரைத்த கல்தான் என்று தெரிந்தது. ஆக, அந்தப் பத்திரத்தில் இரண்டு எண்களுமே தவறு. அந்த நாட்டுச் சுங்கத்தார் ஒன்றைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள்!

இளைஞர் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆலையின் பழைய தாள்களைப் பையிலிருந்து எடுத்து நம் முன் வைத்தார். தர எண்ணின் கடைசியில் 'டி' என்று ஓர் எழுத்து இருந்தது. பூச்சிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். விலைப்பட்டியலிலோ அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரண்டையும் உள்ளபடி சொல்லிப் பத்திரத்தைத் திருத்த வேண்டும் என்றோம். அரைத்த கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமே என்று முதலாளி இழுத்துப் பார்த்தாராம். இளைஞர் இசையவில்லை. திருத்திய பத்திரம் போய், ஆலையின் கடிதம் போய், சரக்கு வெளியே வர மேலும் சில வாரங்கள் ஆயின. கிடங்கு வாடகையில் பாதியை முதலாளி மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பூச்சைப் பற்றி எழுதாமல் விட்ட ஆலைக்கு ஒரு காசு செலவில்லை. இது நமக்கு நியாயமாகப் படவில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பெயரைப் பார்த்து எண் போட்டது அவர் தவறு. அந்தப் பெயரை அரைகுறையாகக் கொடுத்தது அவர் தவறில்லையே.

இதே வம்பு சாயக் கடைக்காரர்களுக்கும் உண்டு. டைட்டேனியம் டையாக்சைடு என்ற வெள்ளைத் தூள் கலப்பும் பூச்சும் இல்லாமல் இருந்தால் 28.23. சாயத்துக்கு ஏற்றபடி துகளின் மேல் வேறு பொருளைச் சேர்த்திருந்தால் அது நிறமி, 32.06. சந்தையில் சாயத்துக்கென்று விற்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான்.

ஆகவே இந்தத் தொழிலில் நுழையும் இளைஞர்கள் சரக்கை விற்பவரிடம் நான்கு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பொருள் எதிலிருந்து, எந்த முறையில் செய்யப்பட்டது? அதில் வேறென்ன இருக்கிறது, எவ்வளவு? அது மிஞ்சியதா, சேர்த்ததா? எதில் கரைத்து, எந்த அளவுப் பொட்டலத்தில் வருகிறது? பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். அது தீயையும் நஞ்சையும் மனத்தில் வைத்து எழுதப்படுவது, சுங்கக் குறிப்பை நினைத்து எழுதப்படுவதல்ல. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின்கீழ், சரக்கு வருவதற்கு முன்பே எழுத்து மூலம் வகைப்பாட்டுத் தீர்மானம் கேட்டுப் பெற வழி இருக்கிறது. இந்த வழியைப் பெரிய நிறுவனங்கள்தாம் அதிகம் நாடுகின்றன. சிறு வணிகர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

சிங்கப்பூர் நேயர்கள், நமக்கு இதனால் என்ன என்று நினைக்கலாம். அங்கே மதுவகை, புகையிலை, மோட்டார் வண்டி, பெட்ரோலியப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் தீர்வை. உண்மைதான். ஆனால் அங்கிருந்து போகும் சரக்கு வேறொரு துறைமுகத்தில் இறங்கத்தானே வேண்டும்? அந்த எண்ணை அங்கே ஒருவர் சரிபார்ப்பார். அனுமதிப் பத்திரம் வேண்டிய பொருளா, வேண்டாத பொருளா என்பதையும் பல வேளைகளில் எண்ணைக் கொண்டுதான் தேடுகிறார்கள்.

ஏனென்றால் இந்த எண் பணத்தை மட்டும் கணக்கிடுவதில்லை. பாதரசம் உலோகமாக வந்தால் 28.05. அதன் கூட்டுப்பொருள்கள் முன்பு பல தலைப்புகளில் சிதறிக் கிடந்தன. எங்கே எவ்வளவு போகிறது என்று கண்காணிக்க முடியவில்லை. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவற்றை 28.52 என்று ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போரில் படைவீரர்கள் மூச்சுத் திணறிச் சாகக் காரணமான ஃபாஸ்ஜீன் வாயு இன்றும் பிளாஸ்டிக், மருந்துத் தொழில்களுக்கு வேண்டியிருக்கிறது, 28.12இன்கீழ் அதற்கென்று தனித் துணைத் தலைப்பு 2017இல் கிடைத்தது. இத்தகைய பொருளுக்குத் தவறான எண் எழுதினால் அது தீர்வைக் குறைவோடு நிற்காது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வியூக வாணிபச் சட்டமும் குறுக்கே வரும்.

பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2022ஆம் ஆண்டுப் பதிப்பு; அடுத்தது 2028 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வர இருக்கிறது. பழைய பத்திரத்தைப் பார்த்து எண்ணைப் பெயர்த்தெழுதும் பழக்கம் உள்ளவர்கள் அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் சொன்ன இளைஞர் இன்றும் அதே தொழிலில்தான் இருக்கிறார், வேறொரு நிறுவனத்தில். அவருடைய மேசையின்மேல் எப்போதும் ஒரு கண்ணாடிக் குவளை இருக்கும். குடிப்பதற்கு அல்ல.

ரப்பர்ப் பாலைக் காக்கும் அம்மோனியா 28ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது என்றோம். அதே பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் அங்கே இல்லை. அடுத்த அத்தியாயத்தில், 29.15இல் இருக்கிறது. அது ஏன் என்பதை அடுத்த உரையில் பார்ப்போம்.